வீட்டிலேயே அதிமதுர மிட்டாய்

சுங்கை சிப்புட்டில் அதிமதுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. நம் மளிகைக் கடையில் குச்சியாகக் கிடைக்கும். சீனர் மருந்துக் கடையில் கம்சோ என்று கேட்டால் சாய்வாகச் சீவிய துண்டுகளை நிறுத்துக் கொடுப்பார்கள். உள்ளே நல்ல மஞ்சளாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இருமலுக்கு வாயில் அடக்கும் இந்த வேரை இங்கிலாந்தின் பான்டிஃப்ராக்ட் ஊரில் பயிரிட்டு, சாற்றை மருந்து வில்லையாக விற்றார்கள். 1760இல் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்துக் கடைக்காரர் அதில் சீனி சேர்த்தார், மருந்து மிட்டாயாகிவிட்டது. நாணயம் போன்ற அந்தக் கறுப்பு வில்லைகள் இன்றும் ஊர்ப் பெயரிலேயே விற்கின்றன. நெதர்லாந்துக்காரர்கள் நவச்சாரம் சேர்த்து உப்பு மிட்டாயாகவும் சாப்பிடுகிறார்கள்.

சரி, அடுப்பைப் பற்றவைப்போம். 20 கிராம் அதிமதுரத்தை நசுக்கி, இரண்டு கப் தண்ணீரில் சிறுதீயில் கொதிக்க விடுங்கள். கால் கப்பாக வற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் மிட்டாயில் வெறும் கருப்பட்டி ருசிதான் இருக்கும். வற்றியதும் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள்.

இதற்கிடையே 100 கிராம் மைதாவை நிறம் மாறாமல், பச்சை வாசனை போக வறுத்துச் சலித்து வையுங்கள்.

அப்புறம் பாகு. 200 கிராம் கருப்பட்டியைக் கஷாயத்தில் கரைத்து, மண் போக மறுபடி வடிகட்டி, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுங்கள். எலுமிச்சை இருந்தால் பாகு பூத்துப் போகாது. முதலில் பெரிய நுரையாகப் பொங்கும். பிறகு நுரை சிறுத்துக் கனத்துவிடும். அப்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலில் உருட்ட வந்து, அழுத்தினால் நசுங்க வேண்டும். அதிரசத்துக்கு வைக்கும் அதே பதம்தான். அதைத் தாண்டினால் பல்லில் கடிபடாது.

இறக்கி, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி சோம்புத் தூள், ஒரு தேக்கரண்டி வெண்ணெய் சேருங்கள். மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டதும் நிறுத்திவிடலாம், மாவு மிஞ்சக்கூடும். கை பொறுக்கும் சூட்டில் வெண்ணெய் தடவிப் பிசைந்து, சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக உருட்டி வெட்டுங்கள். கடை மிட்டாயின் கறுப்பு வராது, அடர் பழுப்புதான். அதற்காகச் சாயம் சேர்க்காதீர்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் கசியும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, மைலோ டின்னில் இறுக மூடி வையுங்கள்.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகவே நாளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். இரத்தக் கொதிப்பு, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.