தெனாலியின் பயத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

2000இல் வந்த ‘தெனாலி’ படத்தை மனநலப் பாடத்துக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தெனாலியாக நடிக்கும் கமல்ஹாசன் ஒப்பிக்கும் பயங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோபியா பெயர் தேடுகிறார்கள். அது சிரிப்புக்காக எழுதிய பட்டியல். அதை ஓரம் வைத்துவிட்டு, அவர் எதையெல்லாம் தவிர்க்கிறார் என்று பாருங்கள்.

தாளில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: எதைக் கண்டு பயந்தார், உடம்பில் என்ன ஆனது, என்ன நினைத்தார், எப்படித் தப்பினார். காட்சியை நிறுத்தி நிறுத்தி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டால் முகமும் கையும் தெளிவாகத் தெரியும். நான்காவது பத்திதான் உயிர்நாடி. ஓடி ஒளிவது மட்டும் தப்புவதல்ல. தனக்குச் சிகிச்சை தரும் டாக்டரை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் அதில் சேரும். அவர் பக்கத்தில் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. தனியாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கற்க வாய்ப்பே கிடைப்பதில்லை. பயம் வருஷக்கணக்கில் நீடிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்து அளவுகோல். ஃபோபியா என்றால் குறிப்பிட்ட ஒன்றின் மேல் பயம், பார்த்த மாத்திரத்தில் வரும், இருக்கிற ஆபத்துக்கு மிஞ்சியது, பொதுவாக 6 மாதமாவது நீடிப்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது. ‘ஆபத்துக்கு மிஞ்சியது’ என்பதை ஊரை வைத்துத்தான் சொல்ல முடியும். மன்னார்குடிப் பக்கம் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் டார்ச் அடித்து, வரப்பைக் கம்பால் தட்டிக்கொண்டு நடந்தால் அது நோயல்ல. வயலில் கண்ணாடி விரியன் உண்டு. பாம்புப் படம் இருக்கிறதென்று பிள்ளையின் பாடப்புத்தகத்தையே தொடாதவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

2018 கஜா புயலுக்குப் பிறகு, காற்று பலத்தாலே நெஞ்சு படபடக்கிறவர் விஷயம் வேறு. அங்கே வேர் நடந்துபோன சம்பவத்தில் இருக்கிறது. தெனாலியும் ஈழப்போரிலிருந்து வந்தவர். கெட்ட கனவு, பார்த்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது இவையெல்லாம் படத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பேரதிர்ச்சியின் பின்விளைவு என்றே முழுதும் விளக்க முடிந்தால், அதற்கு ஃபோபியா என்று தனிப் பெயர் ஒட்டக் கூடாது. படம் காட்டாததை நீங்களாக இட்டு நிரப்பவும் கூடாது.

பொதுவான பதற்றக் கோளாறு இவை இரண்டிலிருந்தும் வேறு. அதில் பயப்படும் பொருள் எதிரே இருக்காது. காசு, உடம்பு, பிள்ளை என்று பலவற்றைப் பற்றியும் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை, 6 மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருக்கும். கூடவே தூக்கம் கெடும், தசை இறுகும்.

கடைசியாக, தெனாலியின் ஒரு பயத்துக்கு ஏணி எழுதிப் பாருங்கள்: குறைந்த பயத்தில் தொடங்கிப் படிப்படியாக எதிர்கொள்ளும் வரிசை. பயத்தின் அளவுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். ஆற்றுப் பயம் என்று வைத்துக்கொண்டால்: ஆற்றின் படம் 20, கரையில் தள்ளி நிற்பது 40, படித்துறையின் மேல்படி 60, தண்ணீர் குறைவான நாளில் கால் நனைப்பது 80. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறக்குறைய பாதியாகும் வரை நிற்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் தவிர்ப்புக்குத்தான் தீனி. ரத்தம், ஊசி பயத்துக்கு மட்டும் வேறு வழி. அதில் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும் என்பதால் உடம்பைத் தளர்த்தச் சொல்வது தப்பு. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி விட்டு, 5 தடவை செய்ய வேண்டும்.

படத்தில் நோயாளி மேல் பொறாமைப்படும் டாக்டரைச் சிகிச்சைக்கு உதாரணமாக எடுக்காதீர்கள். ஏணியை வகுப்பில் யார் மேலும் சோதிக்கவும் வேண்டாம். தாளை நிரப்பும்போது தன் கதையே அதில் தெரிகிறதென்று யாராவது சொன்னால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.