நிலாவில் ஆடும் சுருள்வில்

எங்கள் ஆய்வகத்தில் உருப்படியாக இருந்த ஒரே சுருள்வில்லை ஒரு மாணவன் இழுத்து நீட்டிவிட்டான். மீட்சி எல்லையைத் தாண்டியது திரும்பச் சுருங்குமா? அன்றுதான் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்துக்குப் போனேன். சுருள்வில்லில் எடைக்கல் மாட்டும் சோதனையை அங்கே திரையிலேயே செய்து பார்க்கலாம். இலவசம், கைபேசியிலும் ஓடும்.

முதலில் 50 கிராம் எடைக்கல்லை மாட்டுங்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தி, ஆட்டம் அடங்கியதும் அளவுகோலால் நீட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு அது சரியாக இரண்டு மடங்காகும். எண் எழுதாத வண்ணக் கற்களின் நிறையையும் இதே கணக்கில் பிடித்துவிடலாம்.

சுவையான இடம் அந்தத் தளத்தின் ‘ஆய்வகம்’ (Lab) என்ற பகுதிதான். ஆட்டத்தை மெல்ல அடக்கும் தடையைச் சுழியாக்கி, கல்லைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, 10 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுங்கள். ஒரே அலைவை அளந்தால் விரலின் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். இப்போது ஈர்ப்பை நிலாவுக்கு மாற்றுங்கள். என்ன ஆகும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு மாற்றுவது முக்கியம். நீட்சி ஆறில் ஒரு பங்காகிறது, கல் மேலே ஏறிவிடுகிறது. அலைவு நேரமோ அப்படியே இருக்கிறது! வகுப்பில் பாதிப் பேர் நிறுத்துக்கடிகாரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அலைவு நேரத்தை மாற்ற நிறையைத் தொட வேண்டும்: 60 கிராமை 240 ஆக்கினால் நேரம் இரட்டிக்கும், நான்கு மடங்காகாது.