சின்ன வக்கீல் ஆபீஸை இணையத்தில் கண்ணில் பட வைப்பது எப்படி? (விதி 36-ஐ மீறாமல்)

ஒரு அறை, ஒரு குமாஸ்தா, ஒன்றிரண்டு ஜூனியர் என்று ஆபீஸ் நடத்துகிறவர்களுக்காக இது. ஆன்லைன் மார்க்கெட்டிங் என்றதும் ஏஜென்சிக்காரர்கள் ஃபேஸ்புக் பூஸ்ட், ரீல்ஸ் என்று ஒரு பேக்கேஜை நீட்டுவார்கள், ஜவுளிக்கடைக்கு விற்கிற அதே பேக்கேஜ். அதை வாங்காதீர்கள். வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கிற பார் கவுன்சிலின் விதி 36-ன்படி வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிக்கிற வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பார் கவுன்சிலும் அதையொட்டிச் சுற்றறிக்கை விட்டது. சரி, மிச்சம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது.

படி 1: வெப்சைட்

விதி 36-க்கு 2008-ல் வந்த திருத்தம் இதற்கு இடம் கொடுக்கிறது, பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து ஒப்புதலோடு செய்ய வேண்டும். பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், என்ரோல்மெண்ட் எண்ணும் தேதியும், எந்த பார் கவுன்சில், எந்த பார் அசோசியேஷன், படிப்பு, நடத்துகிற வழக்கு வகைகள், அவ்வளவுதான். “சிவில், கிரிமினல்” என்று போடலாம். “விவாகரத்து ஸ்பெஷலிஸ்ட்”, “நம்பர் 1” எல்லாம் வேண்டாம்.

படி 2: கூகுள் மேப்

வெப்சைட்டில் உள்ள அதே விவரம், அதே எழுத்துக்கூட்டல். ஆபீஸ் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், கோர்ட்டில் இருக்கிற காலை 11 மணிக்கு “திறந்திருக்கிறது” என்று காட்டினால் வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். ரிவ்யூ கேட்டு வாங்காதீர்கள். யாராவது திட்டி எழுதினாலும், “நீங்கள் வராததால்தான் உங்கள் டைவர்ஸ் கேஸில் வாய்தா போனது” என்று பதில் போட்டுவிடாதீர்கள். கட்சிக்காரர் ரகசியத்தை நாமே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

படி 3: கட்டுரை எழுதுவது

என்னைக் கேட்டால் முக்கால்வாசி நேரத்தை இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஆபீஸுக்கு வருகிறவர் உட்கார்ந்ததும் என்ன கேட்கிறாரோ அதுதான் தலைப்பு. “மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 – ஓர் ஆய்வு” என்று எவரும் போனில் தட்டுவதில்லை, “செக் பவுன்ஸ் ஆனால் எத்தனை நாளில் நோட்டீஸ் அனுப்பணும்” என்றுதான் தட்டுவார்கள். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கைக்குப் போனதிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். அதன்கீழ் எடுத்துவர வேண்டிய பேப்பர்கள்: ஒரிஜினல் செக், ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு பேங்க் தருகிற சீட்டு), நோட்டீஸ் நகல், தபால் ரசீது.

இதே மாதிரி பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கம் என்று மாதம் ஒன்று போதும். உங்கள் ஊர் எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில், எந்த முன்சீப் கோர்ட் எல்லையில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். பெரிய சட்டத் தளங்கள் அதை எழுதாது, உள்ளூர்க்காரர் தேடும்போது நீங்கள் மேலே வர அதுதான் வழி. 2024 ஜூலை 1-லிருந்து ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டதால் பழைய கட்டுரைகளையும் திருத்த வேண்டும், ஆனால் ஜனங்கள் இன்னும் “420 கேஸ்” என்றுதான் தேடுகிறார்கள், அதனால் மோசடிக்கான புதிய பிரிவு 318(4)-க்குப் பக்கத்திலேயே பழைய 420-ம் இருக்கட்டும்.

கட்டுரை முடிவில் “உடனே அழையுங்கள்” வேண்டாம். ஜெயித்த கேஸின் போட்டோ கூடவே கூடாது, விதி 36-லேயே அது இருக்கிறது.

படி 4: போன்

கட்டுரையைப் படித்துவிட்டு ஆள் கூப்பிடும்போது எடுப்பது பெரும்பாலும் குமாஸ்தாதான். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பெயர், ஊர், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். சின்ன ஊரில் அவர் ஏற்கனவே நம் கட்சிக்காரராக இருக்க ரொம்பவே வாய்ப்பு உண்டு.