வெப்பத்தில் மாறிய அல்கா: பாறை மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறைக்குள் புதைந்து வெப்பத்தில் மாறிய அல்காவின் (பாசியின்) மூலக்கூறு எச்சங்களைத் தேடி மாதிரி எடுப்பவர்களுக்கான குறிப்பு இது. திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிப் பாறையில் ஒரு துண்டை உடைத்து (உடைக்கக்கூடாது, அது வேறு விடயம்) ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதில் அல்காவின் எச்சம் எதுவும் கிடைக்காது. கிடைத்தால், அது உங்கள் கையிலிருந்தோ மாதிரிப் பையிலிருந்தோ ஒட்டியதுதான். அந்தக் குவாட்சைற்றுப் பாறை ஒரு காலத்தில் மணலாகப் படிந்தது உண்மை. ஆனால் பிறகு ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்து உருமாறிவிட்டது. அந்தச் சூட்டில் எந்தச் சேதன மூலக்கூறும் தப்பாது. மிஞ்சிய காபன் காரீயமாகிவிடும் (கிரபைற்று, ஈயம் அல்ல). எல்லாக் காரீயமும் அப்படி வந்ததும் அல்ல. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நரம்பாக ஓடும் காரீயம் பாறை வெடிப்புகளில் பாய்மங்கள் படியவைத்தது. அதைப் ‘பழைய அல்கா’ என்று எழுதிவிட வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றின் சூட்டை எண்ணெய் உருவாக்கத்தோடு முடிச்சுப் போடுவதும் இதே வகைத் தவறு. அந்தக் கிணறுகளின் நீர் ஏறத்தாழ 40 பாகை. சுற்றியுள்ளதும் உருமாறிய பாறை.

ஆகவே மாதிரி அடையற் பாறையாக இருக்கவேண்டும். அதிலும் கருமையான, நுண்மணிச் சேற்றுக்கல்லோ மாக்கல்லோதான் நல்லது.

அதற்குள் நடப்பது சுருக்கமாக இது. 60 பாகைவரை அல்காவின் ஸ்டெரோல்கள் (கலமென்சவ்வில் உள்ள கொழுப்பு வகை மூலக்கூறுகள்) ஐதரொட்சில் கூட்டத்தையும் இரட்டைப் பிணைப்புகளையும் இழந்து ஸ்டெரேன்களாகின்றன. பச்சையத்தின் வால் பிரிஸ்டேனாகவும் பைட்டேனாகவும், அதன் வளையம் வனேடியமோ நிக்கலோ ஏந்திய போர்பிரினாகவும் மாறுகிறது. எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு 1930களில் அல்பிரட் டிரைப்ஸ் காட்டிய சான்று இந்தப் போர்பிரின்தான். கரையாத மிச்சம் கெரோஜனாகக் கட்டிப்படுகிறது. ஏறத்தாழ 60 முதல் 150 பாகைவரை கெரோஜன் உடைந்து எண்ணெய் தருகிறது. அதற்கு மேல் எண்ணெயே உடைந்து வாயுவாகிறது.

ஆழத்தை எங்கிருந்து எண்ணுவது?

கடலடிப் படிவுகளைக் கணக்கிடும்போது அடிக்கடி நேர்கிற பிழை இது. திருகோணமலைக்கு வெளியே கடல் மிக விரைவாக ஆழமாகிவிடுகிறது. துறைமுக வாயிலிலிருந்தே பள்ளத்தாக்கு இறங்குகிறது. 3,000 மீற்றர் நீருக்கு அடியில், இன்னும் 3,000 மீற்றர் படிவு புதைந்திருக்கிறது என்று வைப்போம். வெப்பம் கிலோமீற்றருக்கு 30 பாகை வீதம் ஏறுகிறது. கரையில் அளந்த 28 பாகையை எடுத்து, கடல் மட்டத்திலிருந்து 6 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 208 பாகை வரும். எல்லாம் கருகிப்போன இடம். சரியான கணக்கில் நீர் சேராது. கடற்தரை ஏறத்தாழ 2 பாகைதான். அதோடு 3 கிலோமீற்றருக்கு 90 பாகை கூட்டினால் 92. எண்ணெய் உருவாகும் இடம். ஒரே புள்ளிக்கு இரண்டு எதிரெதிர் முடிவுகள்.

பாறைத்தூளைச் சூடாக்கி வெளிவரும் ஐதரோகாபனை அளக்கும் ரொக்-எவல் கருவி தரும் ரீமக்ஸ் எண்ணிலும் குழப்பம் உண்டு. 440 பாகை என்று தாளில் வந்தால் பாறை 440 பாகைக்குச் சூடேறியது என்று பொருளல்ல. கருவி 300 இலிருந்து 650 பாகைவரை நிமிடத்துக்கு 25 பாகை ஏற்றி, 14 நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறது. நிலம் அதையே குறைந்த சூட்டில் பல மில்லியன் ஆண்டுகள் எடுத்துச் செய்கிறது. ரீமக்ஸ் என்பது கருவிக்குள் ஐதரோகாபன் வெளியேற்றம் உச்சிக்கு வந்த வெப்பநிலை மட்டுமே. 435க்குக் கீழே முதிராதது, 435 முதல் 470 வரை எண்ணெய்க் கட்டம் என்பது கடல்சார் இரண்டாம் வகைக் கெரோஜனுக்கான அளவுகோல். ஏரி அல்காவின் முதலாம் வகையில் பிணைப்புகள் ஏறக்குறைய ஒரே வலிமை கொண்டவை என்பதால், பாறை முதிர்ந்தாலும் ரீமக்ஸ் அதிகம் நகராது. எஸ்2 உச்சி (கெரோஜன் உடைந்து வெளிவரும் ஐதரோகாபனின் அளவு) பாறையின் கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைவென்றால் ரீமக்ஸ் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். தட்டையான மேட்டில் கருவி ஏதோ ஓர் இடத்தை உச்சி என்று குறித்திருக்கும்.

ஐதரசன் சுட்டி (சேதனக் காபன் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் எஸ்2 என்பது) 150 என்றதும் ‘தாவரப் பொருள், மூன்றாம் வகை’ என்று முடிவெடுப்பவர்கள் பலர். 500இல் தொடங்கிய அல்காப் பாறை எண்ணெயைக் கொடுத்து முடித்த பிறகும் அதே 150இல் வந்து நிற்கும். சுட்டியைத் தனியே வாசிக்காமல் முதிர்ச்சி அளவோடு சேர்த்து வரையுங்கள்.

முதிர்ச்சிக்கு விற்றினைற்றுத் தெறிப்பை (விற்றினைற்றுத் துகள் ஒளியைத் தெறிக்கும் அளவு, முதிர முதிர ஏறும்) நம்பினால் அங்கும் ஒரு பொறி. விற்றினைற்று மரத் திசுவிலிருந்து வருவது. அல்கா நிறைந்த பாறையில் அது அரிது. கிடைத்தாலும் உண்மையைவிடத் தாழ்வான எண்ணைக் காட்டும்.

உறைந்துபோகும் விகிதங்கள்

ஸ்டெரேனின் 20எஸ், 20ஆர் வடிவங்களின் (20ஆம் காபனில் அணுக்கள் இரு விதமாக அமைந்தவை) விகிதம் முதிர்ச்சியோடு ஏறும் என்று பாடத்தில் இருக்கிறது. எதுவரை என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சி29 (29 காபன் கொண்ட) ஸ்டெரேனில் 20எஸ் பங்கு 0.52–0.55இல் சமநிலைக்கு வந்து நின்றுவிடும். பற்றீரியாக்களின் எச்சமான ஹோப்பேனின் 22எஸ் பங்கு அதற்கும் முன்பே, எண்ணெய்க் கட்டத்தின் வாசலில், 0.57–0.62இல் நின்றுவிடும். ஆகவே ஹோப்பேனில் 0.60 உள்ள இரண்டு மாதிரிகளில் ஒன்று இப்போதுதான் எண்ணெய் தரத் தொடங்கியிருக்கலாம், மற்றது தந்து முடித்திருக்கலாம். நின்றுவிட்ட விகிதத்தை விட்டுவிட்டு இன்னும் நகர்கிற ஒன்றை, மெதைல்பினாந்திரீன் சுட்டி போன்றதை, எடுங்கள்.

யாருடைய எச்சம் என்பதிலும் அவசரம் கூடாது. சி29 ஸ்டெரேன் மிகுந்தால் நிலத்தாவரம் என்பது பாதி உண்மை. பச்சை அல்காக்களும் அதைத் தருகின்றன. ஓமானின் தெற்கே, நிலத்தாவரம் தோன்றுவதற்கு வெகுமுன்பே படிந்த பாறைகளின் எண்ணெயில் அது நிறைந்திருக்கிறது. மறுபுறம், மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாச் சேற்றை ஒப்பீட்டுக்கு எடுப்பவர்கள், ஆறு கொண்டுவரும் இலை மெழுகையும் சேர்த்தே எடுக்கிறார்கள். நேர்ச்சங்கிலி அல்கேன்களில் சி17 ஓங்கினால் அல்கா. சி27, சி29, சி31 ஓங்கினால் இலை மெழுகு.

மாசு

மற்ற எல்லாப் பிழைகளையும் விட இதுதான் அதிகம் கெடுத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பில்பராவில் 270 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்டெரேன் கிடைத்ததாக 1999இல் அறிவித்தார்கள். மாசுபடாமல் புதிதாகத் துளைத்தெடுத்த மாதிரிகளில் அது இல்லை என்று 2015இல் தெரிந்தது. இங்கே துறைமுகமும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் வள்ளங்களின் டீசலும் பக்கத்திலேயே இருக்கின்றன. டீசலில் நேர்ச்சங்கிலி அல்கேனும் பிரிஸ்டேனும் பைட்டேனும் நிறைய உண்டு. மசகெண்ணெயில் ஹோப்பேனும் ஸ்டெரேனும். நீங்கள் தேடுகிற அதே மூலக்கூறுகள்.

பொலித்தீன் பையில் போடாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய தாலேற்று (பிளாஸ்டிக்கை இளக்கும் சேர்பொருள்), திணிவு நிறமாலையில் 149 அயனாகத் தலைகாட்டும். 450 பாகையில் சில மணிநேரம் சுட்ட அலுமினியத் தாளில் சுற்றுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களையும் அப்படியே சுடுங்கள். வெளிப்புறத்தில் 1–2 சென்ரிமீற்றரைச் சுத்தமான வாளால் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளேயுள்ளதை மட்டும் அரைத்து 40 பாகைக்கு மேற்படாமல் உலர்த்துங்கள். அறுத்த வெளித்துண்டை எறியாதீர்கள். அதையும் தனியே பிரித்தெடுத்துப் பாருங்கள்: வெளியே செறிவு மிகுந்து உள்ளே குறைந்துகொண்டு போனால், அது ஊடுருவிய மாசு.

சொக்ஸ்லெற்றில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பிரித்தெடுக்கும் கண்ணாடிக் கருவி) டைக்குளோரோமெதேனும் மெதனோலும் கலந்து 48 மணிநேரம் ஓட்டலாம். தூளை வைக்கும் தாள் குழாயை மாதிரி போடாமல் ஒருமுறை முன்கூட்டியே ஓட்டிக் கழுவுங்கள். பிரித்தெடுத்த கரைசலில் கந்தகம் இருந்தால் உச்சிகளை மூடிவிடும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவி இளஞ்சிவப்பாக மின்னும் செப்புத் துருவலைப் போடுங்கள். நிமிடங்களில் கறுக்கும். வடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். துருவல் ஓர் இரவு கழிந்தும் மின்னிக்கொண்டே இருந்தால் போதும்.

ஒவ்வொரு தொகுதியோடும் பாறைத்தூளுக்குப் பதில் சுட்ட மணலை வைத்து, எல்லாப் படிகளையும் அப்படியே ஓட்டுங்கள். அந்த வெற்று மாதிரியில் ஸ்டெரேன் உச்சிகள் வந்தால், பாறையின் எண்ணிலிருந்து அதைக் கழித்துச் சமாளிக்கப் பார்க்காமல், முழுத் தொகுதியையும் ஒதுக்கிவிட்டுக் கரைப்பான் போத்தலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.