குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய்: வீட்டில் எதை, எப்படிப் பார்ப்பது?

காய்ச்சல், சோர்வு, கால்வலி எல்லாம் குழந்தைகளுக்கு வந்து போகும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரமாகியும் விடாமல் இருந்தாலோ, பல அறிகுறிகள் சேர்ந்து வந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். ரத்தப் புற்றுநோயில், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்), நல்ல வெள்ளையணு மூன்றின் உற்பத்தியும் குறைகிறது. வெளிறல், ரத்தக்கசிவு, ஓயாத காய்ச்சல் எல்லாம் அதனால்தான்.

படி 1: நிறம்
பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை மெல்ல இறக்கி உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையை உங்கள் கையோடு ஒப்பிடுங்கள். மாநிறக் குழந்தையின் முகத்தில் வெளிறல் எளிதில் தெரியாது.

படி 2: தோல்
முழங்காலிலும் முன்காலிலும் கன்றியிருப்பது விளையாட்டில் சகஜம். அடிபடாமலே முதுகிலோ வயிற்றிலோ கன்றியிருந்தால் அது வேறு விஷயம். அடுத்து கணுக்கால், பாதம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று தேடுங்கள். தோலில் இருந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் மறையாது. மறையாத புள்ளிகளுடன் காய்ச்சலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 3: வலி, நெறி
இரவில் எழுப்பிவிடும் கால்வலி, நொண்டல், நடக்க மறுப்பது மூன்றும் முக்கியம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் 2 செ.மீ.க்கு மேல் வலியில்லாத நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காரை எலும்புக்கு (கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள எலும்பு) மேலே நெறி இருந்தால் அளவு பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: ரத்தப் பரிசோதனை
முழு ரத்த எண்ணிக்கையோடு 'பெரிபெரல் ஸ்மியர்' (ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் அணுக்களைப் பார்ப்பது) பரிசோதனையும் கேளுங்கள். வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. நோய் இருந்தும் அது இயல்பாகவோ குறைவாகவோ இருக்கலாம். தட்டணு 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் நம் ஊரில் முதலில் டெங்குவைத்தான் நினைப்போம். டெங்குவில் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் தட்டணு ஏறத் தொடங்கும். ஏறாவிட்டால் ஸ்மியரைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான தவறு, காரணம் தெரியாமல் மூட்டுவலிக்கோ நெறிக்கோ ஸ்டீராய்டு கொடுப்பது. புற்றணுக்கள் தற்காலிகமாக அழிந்து குழந்தை தெளிந்துவிடும்; பரிசோதனையிலும் நோய் பிடிபடாமல் போகலாம், சிகிச்சைத் திட்டமும் குழம்பும். தட்டணு குறைந்திருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், இடுப்புத் தசையில் போடும் ஊசி மூன்றும் வேண்டாம்.

காய்ச்சல் வந்த தேதிகள், கொடுத்த மருந்துகளின் பெயர்கள், பழைய ரத்த அறிக்கைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.