தொழில்நுட்பம் வந்தால் நிறுவனம் உயருமா? முதல் ஆய்வைச் செய்வதற்கு ஒரு வழிகாட்டி

மேலாண்மையில் ஆய்வேடு எழுத உட்காருகிறவர்களில் நிறைய பேர் 'தொழில்நுட்ப ஏற்பும் நிறுவனச் செயல்திறனும்' என்ற மாதிரி ஒரு தலைப்பைத்தான் எடுக்கிறார்கள். பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும்: ஒரு கேள்வித்தாள், கொஞ்சம் பதில்கள், மென்பொருளில் போட்டு ஓட்டினால் நாலு அட்டவணை, வேலை முடிந்தது. ஆனால் நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பல ஆய்வுகள் அங்கேயே நின்றுவிடும். "வாங்கியதை அளந்தாயா, பயன்படுத்தியதை அளந்தாயா?"

இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குத் தயாராவதற்குத்தான். ஒரு தொழில்நுட்பத்தை நிறுவனம் வாங்குவது, ஆட்கள் அதை உண்மையில் பயன்படுத்துவது, அதனால் வேலை மேம்படுவது, அந்த மேம்பாடு லாபத்தில் தெரிவது ஆகிய நான்கும் வேறு வேறு. முதலாவதை அளந்துவிட்டு நான்காவதைப் பற்றி முடிவு சொல்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தப்பு.

இந்த இடைவெளி பெரிய ஆட்களையே யோசிக்க வைத்தது. கணினி யுகம் எல்லா இடத்திலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று 1987-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ எழுதினார். அதற்கு 1990-ல் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் ஒரு விளக்கம் கொடுத்தார். அமெரிக்காவில் எடிசனின் மின்நிலையம் 1882-லேயே வந்துவிட்டது, ஆனால் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனில் மின்சாரத்தின் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920-களில்தான். காரணம், ஆரம்பத்தில் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள், தொழிற்சாலையின் அமைப்பு பழையபடியே இருந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கொடுத்து, கட்டடத்தையும் வேலை நகரும் வரிசையையும் மாற்றிய பிறகுதான் பலன் வந்தது. உங்கள் ஆய்வில் 'மென்பொருள் வாங்கியாச்சு, ஆறு மாதம் ஆச்சு, பலன் எங்கே' என்ற கேள்வி வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

படி 1: தலைப்பைச் சுருக்குங்கள்

'டிஜிட்டல் தொழில்நுட்பம் நிறுவனச் செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கம்' என்பது ஒரு நூலகத்துக்கான தலைப்பு, ஒரு ஆய்வுக்கானது அல்ல. எந்தத் தொழில்நுட்பம், எந்த மாதிரி நிறுவனம், செயல்திறனில் எந்தப் பகுதி என்று மூன்றையும் பிடித்து இறுக்குங்கள். உதாரணத்துக்கு இப்படி: 'சிறு உற்பத்தி நிறுவனங்கள் கிளவுட் கணக்கியல் மென்பொருளை எவ்வளவு ஆழமாகப் பயன்படுத்துகின்றன என்பதற்கும், மாதக் கணக்கை முடிக்க அவற்றுக்கு ஆகும் நாட்களுக்கும் தொடர்பு உண்டா?' இதில் விளைவை நாட்களாக எண்ணலாம், கேட்டால் கணக்காளர் பதில் சொல்லிவிடுவார். இந்த உதாரணத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

படி 2: தனியாளா, நிறுவனமா என்று முடிவெடுங்கள்

இந்தப் படியைத்தான் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

இந்தத் துறையில் நீங்கள் முதலில் சந்திக்கும் கோட்பாடு டாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்நுட்ப ஏற்பு மாடலாக இருக்கும். ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட கட்டுரையால் பிரபலமானது. ஒருவர் ஒரு மென்பொருளை ஏற்பதா வேண்டாமா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்கிறது: இது என் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம், இதைப் பயன்படுத்துவது சுலபம் என்ற எண்ணம். அப்புறம் 2003-ல் வெங்கடேஷும் மற்ற மூவரும் அதுவரை வந்திருந்த எட்டு மாடல்களைச் சேர்த்து யுடாட் என்ற மாடலைக் கொடுத்தார்கள். எதிர்பார்க்கும் பலன், எதிர்பார்க்கும் சிரமம், சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, வசதி வாய்ப்புகள் என நான்கு காரணிகள் அதில் உண்டு.

இந்த இரண்டும் தனியாளைப் பற்றியவை. ஒரு ஊழியர் என்ன நினைக்கிறார், என்ன செய்கிறார் என்பதைத்தான் விளக்கும். நிறுவனம் ஏன் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்கிறது என்று கேட்டால் வேறு கோட்பாட்டுக்குப் போக வேண்டும். டோர்னாட்ஸ்கியும் ஃப்ளைஷரும் 1990-ல் முன்வைத்த டி.ஓ.இ. சட்டகம் அதற்குப் பொருத்தமானது. தொழில்நுட்பம், நிறுவனம், சூழல் என்ற மூன்று பக்கத்திலிருந்தும் அது பார்க்கிறது: மென்பொருள் நம் வேலைக்கு ஒத்துவருமா, மேலிடத்தின் ஆதரவு இருக்கிறதா, போட்டியாளரும் வாடிக்கையாளரும் அரசு விதிகளும் நெருக்குகின்றனவா என்கிற மாதிரி.

எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று நிறுவனங்களில் நூறு நூறு ஊழியர்களிடம் கேட்டுவிட்டு, மாதிரி அளவு 300 என்று போட்டு, 'நிறுவனச் செயல்திறன் உயர்கிறது' என்று முடிவெழுதுவதைப் பலமுறை பார்க்கலாம். நிறுவனச் செயல்திறன்தான் உங்கள் விளைவு என்றால் அங்கே உங்கள் மாதிரி 300 இல்லை, வெறும் 3. நிறுவனத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் நிறைய நிறுவனங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் விஷயம் தெரிந்த ஒருவர் அல்லது இருவர் போதும். ஊழியர்களைப் பற்றிப் பேசுவதானால், விளைவையும் ஊழியர் மட்டத்திலேயே வையுங்கள்: அவருடைய வேலை வேகம், பிழைகள், திருப்தி. இரண்டு மட்டத்தையும் சேர்த்து ஆராய முறைகள் இருக்கின்றன, ஆனால் முதல் ஆய்வில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நம் உதாரணத்தில் அலகு, அதாவது எதைப் பற்றி முடிவு சொல்லப்போகிறோமோ அது, நிறுவனம். அதனால் டி.ஓ.இ.

படி 3: படிக்க வேண்டியதைப் படியுங்கள்

கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரையைப் பிடியுங்கள். அதன் கடைசியில் இருக்கும் நூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். தேடல் முடிவில் அந்தக் கட்டுரைக்குக் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை இருக்கும், அதைத் தட்டினால் முன்னோக்கிப் போகலாம். படிக்கும்போதே ஒரு எக்செல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: யார், எந்த ஆண்டு, எந்தக் கோட்பாடு, அலகு எது, செயல்திறனை எப்படி அளந்தார்கள், என்ன கிடைத்தது. 'எப்படி அளந்தார்கள்' என்ற அந்த ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே வாசித்தாலே, முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது பாதி புரிந்துவிடும். உங்கள் ஆய்வுக்கான இடைவெளியும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

படி 4: மாடலை வரையுங்கள், ஒவ்வொரு அம்புக்குறிக்கும் காரணம் எழுதுங்கள்

வெள்ளைத் தாளில் பெட்டிகளும் அம்புகளும் போடுங்கள். நம் உதாரணத்தில் இடப்பக்கம் மேலிட ஆதரவு, மென்பொருளின் பொருத்தம், போட்டி நெருக்கடி என மூன்று பெட்டிகள், நடுவில் பயன்பாட்டின் ஆழம், வலப்பக்கம் மாதக் கணக்கை முடிக்க ஆகும் நாட்கள். நடுவில் இருப்பதுதான் இடையீட்டு மாறி, இடப்பக்கத்தின் தாக்கத்தை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோவது. அது இல்லாமல் இடதிலிருந்து வலதுக்கு நேராகக் கோடு போட்டால் நான் மேலே சொன்ன இடைவெளியை மூடி மறைத்துவிடுகிறீர்கள்.

ஒவ்வொரு அம்புக்கும் 'ஏன்' என்று நாலு வரி எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அந்த அம்பை அழித்துவிடலாம். ஜே பார்னி 1991-ல் எழுதிய வளம் சார்ந்த பார்வை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். ஒரு வளம் மதிப்புள்ளதாகவும், அரிதாகவும், பிறர் எளிதில் நகலெடுக்க முடியாததாகவும், மாற்று இல்லாததாகவும் இருந்தால்தான் அது நீடித்த போட்டி அனுகூலம் தரும் என்பது அவர் வாதம். கடையில் கிடைக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதில் அரிது எதுவும் இல்லை. அதை வைத்து வேலைமுறையை மாற்றிக்கொள்ளும் திறமைதான் அரிது. 'வாங்கியது' என்ற மாறியை விட்டுவிட்டு 'ஆழமாகப் பயன்படுத்துவது' என்ற மாறிக்கு நீங்கள் போவதற்கான கோட்பாட்டுக் காரணம் இதில் வந்துவிடுகிறது.

கருதுகோள் நான்கைந்து போதும்.

படி 5: கேள்விகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல்களை எடுத்து உங்கள் சூழலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது, புதிதாக உருவாக்குவது தனி ஆய்வு அளவுக்கு வேலை. ஆனால் மாற்றும்போதுதான் கோளாறு நுழையும். இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

'புதிய மென்பொருள் வந்ததால் எங்கள் நிறுவனத்தில் கணக்கு வேலை வேகமாகவும் துல்லியமாகவும் நடக்கிறது.' (1 முதல் 5 வரை குறிக்கவும்)

முதலில், இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேகம் கூடி துல்லியம் குறைந்திருந்தால் அவர் எதைக் குறிப்பார்? அடுத்து, 'வந்ததால்' என்ற சொல்லில் நீங்கள் நிரூபிக்க வேண்டிய முடிவே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து போடுகிற ஒவ்வொருவரும் உங்கள் கருதுகோளுக்குக் கையெழுத்துப் போடுகிறார், அதை ஆதாரம் என்று சொல்ல முடியாது. இதை உடைத்து எழுதினால் இப்படி வரும்: 'கடந்த மூன்று மாதங்களில், மாதம் முடிந்த எத்தனையாவது நாளில் கணக்கை முடித்தீர்கள்?' இன்னொன்று, வேறு பகுதியில்: 'வங்கிக் கணக்கு ஒப்பீட்டை மென்பொருளுக்குள்ளேயே செய்கிறீர்களா, வெளியே எக்செல்லில் செய்கிறீர்களா?' முதலாவது விளைவை அளக்கிறது, இரண்டாவது பயன்பாட்டின் ஆழத்தை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கணக்குதான் சொல்ல வேண்டும், பதில் தருபவர் அல்ல.

காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே விதமான அளவுகோலில் கேட்டால் இல்லாத தொடர்பும் இருப்பது போலத் தெரியும். பொது முறைச் சாய்வு என்பது இதுதான், பாட்சகாஃப் முதலானோர் 2003-ல் எழுதிய கட்டுரை இதற்கு முக்கியமானது. முடிந்தால் பயன்பாட்டைப் பற்றிக் கணக்காளரிடமும், மேலிட ஆதரவைப் பற்றி மேலாளரிடமும் கேளுங்கள். கடைசியில், எல்லாக் கேள்விகளும் ஒரே காரணியில் குவிகின்றனவா என்று பார்க்கும் ஹார்மன் சோதனை ஒன்றைப் போட்டுச் சாய்வு இல்லை என்று எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அதை ஏற்கமாட்டார். கேள்வித்தாள் முடிந்ததும் நாலைந்து பேரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று பாருங்கள்.

படி 6: மாதிரி அளவு

கிரெய்ச்சி, மோர்கன் 1970-ல் கொடுத்த அட்டவணையைப் பார்த்து 384 என்று போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த எண் ஒரு பெரிய மக்கள்தொகையில் விகிதத்தை மதிப்பிடுவதற்கானது, அதுவும் எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்படி குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தால் பொருந்துவது. நீங்கள் செய்வது மாறிகளுக்கு இடையிலான தொடர்பைச் சோதிப்பது. அதற்கு ஜிபவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நடுத்தரத் தாக்கம் 0.15, பிழை அளவு (இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, சோதனையின் வலிமை (இருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80, மூன்று காரணிகள் என்று கொடுத்தால் 77 என்று சொல்லும். அது குறைந்தபட்சம், அதைவிடக் கூடுதலாகத் திரட்டுங்கள்.

படி 7: பகுப்பாய்வு

வரிசை முக்கியம். முதலில் டேட்டாவைச் சுத்தம் செய்யுங்கள், எல்லாவற்றுக்கும் 4 என்றே குறித்தவர்களைக் கண்டுபிடியுங்கள். அடுத்து அளவுகோல்கள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: ஒரு மாறிக்கான கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல், அந்தக் கேள்விகளின் மாறுபாட்டில் எவ்வளவை அந்த மாறி விளக்குகிறது என்று காட்டும் சராசரி விளக்கிய மாறுபாடு 0.5-க்கு மேல், மாறிகள் ஒன்றோடொன்று குழம்பவில்லை என்று காட்ட எச்.டி.எம்.டி. விகிதம் 0.85-க்குக் கீழ். இவை தேறிய பிறகுதான் கருதுகோள் பக்கம் போக வேண்டும். இடையீட்டு மாறியைச் சோதிக்க 1986-ல் பேரன், கென்னி என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த படிமுறையை இன்னும் பாடத்தில் சொல்லித்தருகிறார்கள், ஆனால் இப்போது பூட்ஸ்ட்ராப் செய்து (உங்கள் டேட்டாவிலிருந்தே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து), இடையீட்டு மாறி வழியாக வரும் மறைமுகத் தாக்கத்தின் நம்பக இடைவெளியில், அதாவது அதன் உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லைக்குள், பூஜ்யம் விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே வழக்கம். ஜமோவி, ஆர் இரண்டும் இலவசம். மென்பொருளுக்குக் காசு இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

படி 8: எழுதும்போது

நன்றாக ஓடும் நிறுவனத்திடம் காசு இருக்கும், காசு இருப்பதால் அது மென்பொருள் வாங்கும், பயிற்சியும் கொடுக்கும். அப்படியானால் செயல்திறன்தான் தொழில்நுட்ப ஏற்புக்குக் காரணம், மறுபக்கம் அல்ல. ஒரே நேரத்தில் எடுத்த கேள்வித்தாள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால் நிறுவனத்தின் அளவு, வயது, மென்பொருள் வருவதற்கு முன் கணக்கை முடிக்க ஆன நாட்கள் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு மாறிகளாக, அதாவது அவற்றின் தாக்கத்தைக் கணக்கில் கழித்துப் பார்ப்பதற்காக, சேருங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறுவனங்களிடம் விளைவை மட்டும் திரும்பக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டும் முடியாவிட்டால், 'தொடர்பு இருக்கிறது' என்று எழுதுங்கள், 'உயர்த்துகிறது' என்று எழுதாதீர்கள்.

ஒரு கருதுகோள் நிரூபணமாகவில்லை என்றால் அதைத் தூக்கிவிடாதீர்கள், டேட்டாவைப் பார்த்த பிறகு புதுக் கருதுகோள் எழுதி முதலிலிருந்தே அதுதான் இருந்தது போலக் காட்டவும் வேண்டாம். போட்டி நெருக்கடி பயன்பாட்டின் ஆழத்தைக் கூட்டவில்லை என்று வந்தால், அது பேச வேண்டிய முடிவு. நெருக்கடியால் வாங்கியவர்கள் வாங்கியதோடு நின்றுவிட்டார்களோ என்ற கேள்வி அதிலிருந்து பிறக்கிறது. விவாத அத்தியாயத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், முடிந்தால் அப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்களைத் திரும்ப அழைத்து, மென்பொருளில் எந்தெந்தப் பகுதியை இதுவரை திறக்கவே இல்லை என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.