ஸ்கேன் செய்த பழைய நூலை விக்கிமூலத்தில் சேர்ப்பது எப்படி?

வீட்டு அலமாரியில் இருந்த ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச இணைய நூலகமான விக்கிமூலத்தில் சேர்த்துவிட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உள்ளே தேடலாம், எழுத்தாக மாற்றிப் பிழை திருத்தலாம். முதல் முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோப்பை ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதற்கு முந்தைய வேலைகளை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பின்னால் கோப்பு நீக்கப்படுவதற்கும், பக்கங்கள் குழம்புவதற்கும் பெரும்பாலும் அங்கே விட்ட குறைதான் காரணம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பு நேராக விக்கிமூலத்துக்குள் போவதில்லை. விக்கிமீடியா பொதுவகம் என்று ஒரு தளம் 2004 முதல் இயங்குகிறது. படங்கள், ஒலிகள், நூல்கள் எல்லாம் அங்கே சேரும். தமிழ் விக்கிப்பீடியா, விக்கிமூலம், மற்ற மொழி விக்கிகள் எல்லாமே அங்கிருந்து எடுத்துக் காட்டும். ஒரே பயனர் கணக்கு எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும் என்பதால், கணக்கு இல்லாதவர்கள் இப்போதே ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமை

புத்தகம் பொதுவகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களின் ஸ்கேன்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பெருமளவில் கொடுத்திருக்கிறது. தலைப்பைத் தமிழில் ஒருமுறை, ஆசிரியர் பெயரை வைத்து ஒருமுறை எனத் தேடுங்கள். இருந்தால் உங்கள் வேலை மிச்சம். நேராகப் பிழை திருத்தப் போய்விடலாம்.

இல்லையா? சரி, ஆசிரியர் எப்போது மறைந்தார் என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். எனவே 1943 முதல் எண்ணினால் 2002 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இலங்கையில் இந்தக் கணக்கு 70 ஆண்டுகள். ஆனால் இதோடு முடியவில்லை. இந்தத் தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் தலைமையகம் அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்ப்பார்கள். அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டுதான் முக்கியம்; வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த நூலுக்குச் சிக்கல் இல்லை. உ.வே.சா.வின் 1920ஆம் ஆண்டுப் பதிப்பு என்றால் இரண்டு பக்கமும் தடையில்லை.

இதில் பலரும் கவனிக்காத இடம் மறுபதிப்பு. மூல நூல் 1920இல் வந்ததாக இருக்கலாம். கையில் இருப்பது 1985ஆம் ஆண்டுப் பதிப்பு என்றால், அதில் வேறொருவர் எழுதிய அணிந்துரை இருக்கும், குறிப்புரை இருக்கும், புதிய அட்டை ஓவியம் இருக்கும். அவற்றுக்கெல்லாம் தனித்தனியே உரிமை உண்டு. முடிந்தவரை பழைய பதிப்பையே தேடிப் பிடித்து ஸ்கேன் செய்வது நல்லது.

ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், கொடுக்கவும் சம்மதிக்கிறார் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமத்தில், வெளியிடச் சொல்லலாம். பொதுவகம் ஏற்பது வணிகப் பயன்பாட்டையும், மாற்றி எழுதுவதையும் அனுமதிக்கும் வகைகளை மட்டுமே. "எல்லோரும் படிக்கலாம், ஆனால் விற்கக் கூடாது" என்ற நிபந்தனை வந்தால் அங்கே இடமில்லை. அவர் சம்மதித்ததை உங்கள் வாய்வார்த்தையாக வைத்து ஏற்க மாட்டார்கள்; பொதுவகத்தில் அனுமதிகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் குழுவுக்கு அவரே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப் எல்லாம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

கோப்பைத் தயார் செய்தல்

பொதுவகம் பிடிஎஃப், டேஜாவூ என்ற இரண்டு ஆவண வடிவங்களை ஏற்கும். வேர்ட், எக்செல் கோப்புகளை ஏற்காது. அப்படி ஏதாவது வைத்திருந்தால் அதைப் பிடிஎஃப் ஆக்கிச் சேர்ப்பதைவிட, உள்ளே இருப்பதை விக்கிப் பக்கத்திலேயே எழுத்தாகவும் அட்டவணையாகவும் இடுவதுதான் என் பரிந்துரை. மற்றவர்கள் திருத்த முடியாத எழுத்து விக்கிக்கு அவ்வளவாகப் பயன்படாது.

ஸ்கேன் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். 46க்குப் பிறகு 47 இருக்கிறதா, ஏதாவது பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறதா, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா? இது சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள். விக்கிமூலத்தில் ஒவ்வொரு ஸ்கேன் பக்கத்துக்கும் அதன் வரிசை எண்ணில் ஒரு விக்கிப் பக்கம் உருவாகும். நூறு பக்கம் பிழை திருத்தியான பிறகு நடுவில் ஒரு பக்கத்தைச் செருகினால், அதற்குப் பிறகு வரும் ஸ்கேன்கள் எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். எழுத்து ஒரு பக்கமும் படம் வேறு பக்கமுமாக நிற்கும். அதைச் சரிசெய்ய, திருத்திய பக்கங்களை எல்லாம் அடுத்த எண்ணுக்கு நகர்த்த வேண்டிவரும்.

அச்சகத்திலிருந்து கிடைத்த பிடிஎஃப் என்றால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். கோப்பை ஏற்றுவதற்கு இது தடையில்லை. ஆனால் விக்கிமூலத்தில் பக்கத்தைத் திறக்கும்போது அந்தக் குப்பைதான் எழுத்தாக வந்து விழும். அதை அழித்துவிட்டு, அங்கேயே இருக்கும் எழுத்துணரிப் பொத்தானை அழுத்தினால் படத்திலிருந்து யூனிகோடு தமிழாகப் படித்துத் தரும்.

பெயர்

'ஸ்கேன்001' என்று வைக்காதீர்கள். அப்படிப்பட்ட பெயரைப் பெரும்பாலும் கருவியே தடுத்துவிடும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றும் இருக்கட்டும். தமிழிலேயே வைக்கலாம். ஆனால் கோப்புப் பெயர் 240 பைட்டுக்குள் அடங்க வேண்டும், யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் இகரக் குறி, புள்ளி எல்லாம் சேர்ந்து ஐந்து குறிகள், அதாவது 15 பைட். பழைய நூல்களின் நீளமான தலைப்பை முழுவதும் எழுதினால் எல்லை தாண்டிவிடும். நூற்பெயரைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, முழுத் தலைப்பை விவரத்தில் எழுதுங்கள். அப்புறம் பெயரை மாற்றுவதற்குத் தனி அனுமதி உள்ளவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஏற்றுதல்

பொதுவகத்தில் புகுபதிகை செய்து, பதிவேற்ற வழிகாட்டியைத் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, இது உங்கள் சொந்தப் படைப்பா என்று கேட்கும். ஸ்கேன் செய்தது நீங்கள் என்பதால் 'ஆம்' என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. நூலை எழுதியவர் வேறொருவர்; எனவே பிறர் படைப்பு என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் பெயரையும், நூல் எங்கிருந்து கிடைத்தது என்பதையும், ஏன் பொதுவுரிமையில் (பதிப்புரிமைத் தடை இல்லாமல்) இருக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். அதற்குப் பிறகு விவரம், தேதி, பகுப்பு (கோப்பு எந்த வகையில் சேரும் என்பது). தேதி என்ற இடத்தில் ஸ்கேன் செய்த நாளைப் போடாமல் நூல் வெளியான ஆண்டைப் போடுங்கள். பகுப்பில் தமிழ் நூல்களுக்கானதும், ஆசிரியருக்குத் தனியே இருந்தால் அதுவும் போதும்.

ஏற்றியதும் முன்தோற்றம் வராமல், பக்க அளவு சுழியம் என்று காட்டினால் பதற வேண்டாம். பெரிய கோப்புகளில் இது நடக்கும். சற்று நேரம் கழித்து, கோப்புப் பக்கத்தின் இடைமாற்று நினைவகத்தை (தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய தோற்றத்தை) நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விக்கிமூலத்தில் அட்டவணை

இப்போது விக்கிமூலத்துக்கு வாருங்கள். தேடல் பெட்டியில் 'அட்டவணை:' என்று எழுதி, அதன் பின்னால் கோப்பின் முழுப்பெயரை ஓர் இடைவெளிகூட மாறாமல் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் இன்னும் இல்லை என்று சிவப்பு இணைப்பு வரும். அதைச் சொடுக்கினால் படிவம் திறக்கும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை நிரப்புங்கள். பக்கங்கள் என்ற பெட்டியில் பேஜ்லிஸ்ட் என்ற நிரல் துண்டு தானாகவே இருக்கும். அச்சில் உள்ள பக்க எண்ணையும் கோப்பின் வரிசையையும் அதுதான் பொருத்துகிறது. உதாரணமாக, கோப்பின் ஒன்பதாவது பக்கத்தில்தான் நூலின் முதல் பக்கம் தொடங்குகிறது என்றால், அதற்குள் இப்படி எழுதுங்கள்:

1="அட்டை" 9=1

சேமித்ததும் எண்கள் வரிசையாக வந்து நிற்கும். ஏதாவது ஓர் எண்ணைச் சொடுக்கினால் ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் எழுதும் இடம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் பார்த்தது மஞ்சளாகவும், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சையாகவும் மாறும். அந்தப் பச்சையை நீங்களே உங்கள் பக்கத்துக்குக் கொடுக்க முடியாது. இன்னொருவர் கண் பட வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மற்றப் பக்கங்களில் காட்டுவது

விக்கிப்பீடியாக் கட்டுரையிலோ உங்கள் பயனர் பக்கத்திலோ இந்தக் கோப்பைக் காட்ட மூன்று வழிகள். கோப்புப் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு வரும் பிடிஎஃப் என்பதை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

[[படிமம்:நூற்பெயர் 1920.பிடிஎஃப்]] என்று எழுதினால் முதல் பக்கம் படமாக வரும்.

[[:படிமம்:நூற்பெயர் 1920.பிடிஎஃப்]] என்று முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்த்தால், படம் வராது, விவரப் பக்கத்துக்கு இணைப்பு கிடைக்கும்.

[[ஊடகம்:நூற்பெயர் 1920.பிடிஎஃப்]] என்றால் சொடுக்கியதும் கோப்பே திறக்கும்.

கட்டுரைகளில் இரண்டாவதைத்தான் நான் விரும்புவேன். படிப்பவருக்கு ஆசிரியர், ஆண்டு, உரிமம் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். பெரிய கோப்பு கேட்காமல் கைப்பேசியில் இறங்கவும் செய்யாது.

அட்டவணை தயாரானதும் விக்கிமூலத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: நூற்பெயர், அட்டவணைக்கான இணைப்பு, மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும் என்ற வேண்டுகோள். பக்க எண்களில் ஏதாவது பிசகியிருந்தால் அனுபவமுள்ளவர்கள் அங்கேயே சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் வரும்வரை முதல் பத்துப் பக்கத்தை நீங்களே மஞ்சளாக்கத் தொடங்கலாம்.